ட்ரே நிறைந்தால்தான் தள்ளுபடி: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க அச்சகங்களுக்காக பெங்களூரில் உட்கார்ந்து தபால் பட்டியல் தயார் செய்யும் வேலையைப் பற்றி முன்பு ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துக்கொண்டு எங்கள் தொழில்நுட்பக் குழு பதில் சொல்கிறது. உள்ளூர்த் தபால் பற்றி வந்தவை கடைசியில்.

கேள்வி: நியூஜெர்சியில் உள்ள ஓர் அச்சகத்துக்கு நாங்கள் டிசைன் வேலை செய்து தருகிறோம். "பட்டியலையும் நீங்களே ப்ரீசார்ட் பண்ணி அனுப்புங்கள், தபால் செலவு குறையும்" என்று இப்போது கேட்கிறார்கள். மென்பொருள் வாங்கிப் போட்டால் போதுமா? எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், அல்சூர்

பதில்: போதாது. மென்பொருள் வாங்குவதற்கு முன் அச்சகத்திடம் கேட்டு வாங்க வேண்டியவை இருக்கின்றன.

ப்ரீசார்ட் என்றால் கடிதங்களை முன்கூட்டியே இடவாரியாகப் பிரித்து அடுக்குவது. தபால் துறை செய்ய வேண்டிய பிரிப்பு வேலையை அனுப்புகிறவரே செய்து கொடுப்பதால்தான் கட்டணம் குறைகிறது. பிரித்தது சரி என்று காட்ட ஆவணம் வேண்டும். ஆவணத்தில் இருக்கிறபடியே ட்ரேக்குள் (கடிதங்களை அடுக்கிக் கொடுக்கும் பெட்டி) கடிதமும் இருக்க வேண்டும். முன்னது உங்கள் மேசையில் முடியும் வேலை. பின்னது கடல் தாண்டி அச்சகத்தில் நடப்பது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கவுண்டரில் மாட்டிக்கொள்வது அச்சகம், திட்டு வாங்குவது நீங்கள்.

அதனால் முதலில் பர்மிட் (மொத்தத் தபால் அனுப்பும் அனுமதி) எண், அது எந்தத் தபால் நிலையத்தில் எடுத்தது, கடிதங்களை எங்கே ஒப்படைக்கப் போகிறார்கள், அவர்களுடைய மெய்லர் ஐடி (அனுப்புகிறவருக்குத் தபால் துறை தரும் அடையாள எண்) என்ன, கடிதத்தின் அளவு, ஒரு கடிதத்தின் எடை, எந்த வகுப்புத் தபால் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில், கணக்கு விவரம் போன்றவை ஃபர்ஸ்ட் கிளாஸில்தான் போக வேண்டும். அதில் ப்ரீசார்ட் கட்டணத்துக்கு ஒரு தடவைக்குக் குறைந்தது 500 கடிதம். விளம்பரத் தாள்கள் மார்க்கெட்டிங் மெயிலில் போகலாம். அதற்கு 200 கடிதம் அல்லது 50 பவுண்டு எடை. பொதுவாக மார்க்கெட்டிங் மெயிலில் ஆள் இல்லாத கடிதம் திரும்பி வராது, அங்கேயே குப்பைக்குப் போகும். ஆக, முகவரி கெட்டிருந்தால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அளவை ஏன் கேட்கச் சொல்கிறோம் என்றால், லெட்டர் கட்டணத்துக்கு உயரம் 3 1/2 முதல் 6 1/8 அங்குலம், நீளம் 5 முதல் 11 1/2 அங்குலம், தடிமன் கால் அங்குலத்துக்குள். நீளத்தை உயரத்தால் வகுத்தால் 1.3-க்கும் 2.5-க்கும் நடுவில் வர வேண்டும். சதுர அட்டை பார்க்க அழகாக இருக்கும். வகுத்தால் 1 வரும், இயந்திரத்தில் ஓடாத தபால் என்று கட்டணம் ஏறிவிடும். நீங்கள் டிசைன் செய்கிறவர்கள் என்பதால் இதை முதல் நாளே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம்.

மென்பொருளில் பிசிசி மெயில் மேனேஜர், அக்யூஜிப், பல்க் மெய்லர் என்று பல உண்டு. எதை எடுத்தாலும் இரண்டு சான்று இருக்கிறதா என்று பாருங்கள்: முகவரி சரிபார்ப்புக்கு காஸ் சான்று, பிரிப்புக்கு பேவ் சான்று. இன்னொன்றும் பாருங்கள். முகவரித் தரவு மாதாமாதம் புதுப்பிக்கப்படுவது. அதை எந்த நாட்டுக் கணினியில் நிறுவலாம் என்று உரிமத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் கோரமங்களா சர்வரில் ஏற்ற வேண்டாம். அச்சகத்தின் கணினியில் நிறுவி, இங்கிருந்து ரிமோட்டில் இயக்குவது தலைவலி இல்லாத வழி.

வேலையின் வரிசை இது. வந்த பட்டியலைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் கொடுங்கள். பிறகு காஸ் ஓட்டுங்கள். அதன் பிறகு இடம்பெயர்ந்தோர் பட்டியலோடு ஒப்பிடும் என்சிஓஏ. அதற்கும் பிறகுதான் இரட்டைப் பதிவு நீக்கம். பலர் இதை முதலிலேயே செய்துவிடுகிறார்கள். ஆனால் வேறு வேறு பழைய முகவரியில் இருந்த இரண்டு பேர் என்சிஓஏ முடிந்ததும் ஒரே புது முகவரியில் வந்து நிற்பார்கள். முதலிலேயே நீக்கியவருக்கு அது கண்ணில் படாது. இதெல்லாம் ஆன பிறகு ப்ரீசார்ட். ப்ரீசார்ட் ஓடி முடிந்த பிறகு பட்டியலில் ஒரு வரியைக்கூடச் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது. வாடிக்கையாளர் "இந்த ஐந்து பேரை மட்டும் சேர்த்துடுங்க" என்று கேட்டால், முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள்.

கடைசியில் கையில் இருக்க வேண்டிய தாள்கள்: காஸ் சுருக்கமான 3553 படிவம், பிரிப்பு அறிக்கை, கட்டண அறிக்கை (மார்க்கெட்டிங் மெயிலுக்கு 3602-ஆர், ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 3600-எஃப்சிஎம்), ட்ரே லேபிள்கள்.

கேள்வி: எக்ஸெலில் வந்த பட்டியலை ஏற்றினால் 400 முகவரி "ஜிப் தவறு" என்று வருகிறது. வாடிக்கையாளரோ எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்.
– வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: அந்த 400 பேரும் நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கம் இருப்பார்கள், பாருங்கள். அங்கே ஜிப் கோட் (அமெரிக்கப் பின்கோடு) 0-வில் தொடங்கும். எடிசன் 08820 என்றால் எக்ஸெல் அதை எண் என்று நினைத்து 8820 ஆக்கிவிடும். நம் பின்கோடு எதுவும் 0-வில் தொடங்காது, அதனால் நமக்கு இந்தப் பழக்கம் இல்லை.

சிஎஸ்வி கோப்பை இரண்டு தடவை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்ஸெலுக்குள் போய், டேட்டா பகுதியில் இறக்குமதி செய்து, ஜிப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் 4 இலக்கத்தில் இருப்பவற்றின் முன் 0 சேர்க்கலாம். ஆனால் மாநிலப் பத்தியைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். டெக்சாஸ் முகவரியில் 4 இலக்கம் இருந்தால் அங்கே காணாமல் போனது 0 அல்ல, வேறு ஏதோ.

இதே எக்ஸெல் இன்னொரு வேலையும் செய்யும். கடிதத்தில் அச்சிடும் தபால் துறைப் பார்கோடான ஐஎம்பியின் 31 இலக்க எண்ணை அதில் ஒட்டினால் முதல் 15 இலக்கம் மட்டும் நிற்கும், மீதி எல்லாம் 0 ஆகிவிடும். அச்சான பிறகு பார்த்தால் பத்தாயிரம் கடிதத்திலும் பின்பாதி ஒன்றுபோல் இருக்கும். ப்ரீசார்ட் முடிந்த கோப்பை எக்ஸெலில் திறந்து 'சேவ்' கொடுப்பதை அலுவலகத்திலேயே தடை செய்துவிடுங்கள்.

கேள்வி: காஸ் ஓட்டியபின் ஒய், டி, எஸ், என் என்று ஓர் எழுத்து வருகிறது. 'ஒய்' வந்த முகவரிகளிலிருந்தும் கடிதம் திரும்புகிறதே, ஏன்?
– வாசகர், கோரமங்களா

பதில்: அந்த எழுத்து சொல்வது கட்டடத்தைப் பற்றி மட்டும். ஒய் என்றால் அந்தக் கட்டடத்தின் கதவு எண்ணும், அபார்ட்மெண்ட் எண் இருந்தால் அதுவும் தபால் துறையின் விநியோகப் பட்டியலில் இருக்கின்றன. டி என்றால் கட்டடம் உண்டு, அபார்ட்மெண்ட் எண் விட்டுப்போயிருக்கிறது. எஸ் என்றால் அபார்ட்மெண்ட் எண் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது பட்டியலில் இல்லை. 'என்' என்றால் அப்படி ஒரு கதவே இல்லை. டி வந்தவற்றை வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்பி எண்ணைக் கேளுங்கள். 200 வீடுள்ள குடியிருப்பில் வீட்டு எண் இல்லாத விளம்பரத் தாள் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'என்' வந்தவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதுதான் லாபம்.

ஆள் அங்கே குடியிருக்கிறாரா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் என்சிஓஏ. இடம் மாறியவர்கள் தபால் துறையிடம் கொடுத்த அறிவிப்புகளின் தொகுப்பு அது. முழுச் சேவையில் 48 மாதப் பதிவுகளோடும், குறைந்த சேவையில் 18 மாதப் பதிவுகளோடும் ஒப்பிடுவார்கள். உரிமம் பெற்ற நிறுவனங்கள்தான் ஓட்ட முடியும். நீங்கள் பட்டியலை ஏற்றி, முடிவை இறக்கிக்கொள்கிறீர்கள். குறைந்தது 100 வேறுபட்ட பெயர்-முகவரி வேண்டும். பட்டியலுக்குச் சொந்தக்காரர் பிஏஎஃப் என்ற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சொந்தக்காரர் என்றால் அச்சகம் அல்ல, அச்சகத்தின் வாடிக்கையாளர். இந்தக் கையெழுத்துக்காக ஒரு வாரம் போவது சகஜம். வேலை வந்த அன்றே படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

தபாலில் சேர்க்கும் நாளுக்கு முந்தைய 95 நாட்களுக்குள் இந்த ஒப்பீடு நடந்திருக்க வேண்டும். காஸ் சரிபார்ப்புக்கு, கேரியர் ரூட் (தபால்காரரின் பாதை வாரியாகப் பிரித்தது) அல்லாத ஆட்டோமேஷன் (பார்கோடோடு இயந்திரத்தில் ஓடும்) கடிதங்களில் 180 நாள். இரண்டையும் குழப்பிக்கொண்டு "போன காலாண்டில் ஓட்டியதே போதும்" என்று விடுகிறவர்கள் உண்டு. இடம்பெயர்ந்தவர் முகவரி திருத்தாத கடிதங்கள் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் வரும்.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறோம். என்சிஓஏ பெயரை வைத்தே பொருத்திப் பார்க்கிறது. குடும்பமே இடம் மாறியதாக ஒருவர் அறிவித்தால், அதே கடைசிப் பெயர் உள்ள எல்லோரும் மாறியதாகக் கொள்ளும். தமிழ்க் குடும்பத்தில் கணவரின் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர். மனைவியின் கடைசிப் பெயர் கணவரின் பெயர். பிள்ளையின் கடைசிப் பெயரும் அதுவே. கணவர் பெயரில் போட்ட குடும்ப அறிவிப்பு மனைவியைத் தொடவே தொடாது. எடிசன் பக்கத்து மளிகைக் கடை, நகைக் கடை, கோயில் பட்டியல்களில் இது நிறைய. கணவர் நகர்ந்து மனைவி மட்டும் பழைய வீட்டில் நிற்கும் வரிகளை வடிகட்டி, வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள், சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம்.

கேள்வி: 6,000 கடிதத்துக்கு ப்ரீசார்ட் ஓட்டினால் பாதிக்கு மேல் 'மிக்ஸ்டு' என்ற மேல் கட்டணத்தில் விழுகிறது. மென்பொருள் அமைப்பில் எதையாவது மாற்ற வேண்டுமா?
– வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: அமைப்பில் தப்பு இல்லை, பட்டியல் சிதறிக் கிடக்கிறது.

லெட்டர் அளவு ஆட்டோமேஷன் தபாலில் மூன்று படி இருக்கிறது. ஒரே 5 இலக்க ஜிப்புக்கு 150 கடிதம் சேர்ந்தால் அதற்குத் தனி ட்ரே, குறைந்த கட்டணம். சேராதவை அந்த வட்டாரத்துப் பிரிப்பு மையத்தின் பெயரில் ஏஏடிசி ட்ரேக்குப் போகும். அங்கேயும் 150 வேண்டும். அங்கேயும் தேறாதவை மிக்ஸ்டு ஏஏடிசி. நாடு முழுக்க 6,000 பேர் என்றால் எந்த ஒரு ஜிப்பிலும் 150 பேர் சேர்வது அபூர்வம்.

அறிக்கையில் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தால் விளங்கும். 08820-க்கு 162 கடிதம் இருக்கிறது என்று வையுங்கள், தனி ட்ரே. பக்கத்து 08817-க்கு 138 தான். அத்தனையும் ஏஏடிசிக்கு இறங்கிவிடும். இங்கே 12 பேர் கூடினால் குறைவது 12 பேருக்கான செலவு அல்ல, அந்த 150 கடிதத்துக்கும் கட்டணம் ஒரு படி இறங்கும். ஆகவே அறிக்கையில் 120-க்கும் 149-க்கும் இடையில் நிற்கும் ஜிப்களை மட்டும் பொறுக்கி, "இந்த ஊர்களில் இன்னும் பெயர் இருக்கிறதா" என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். உண்மையான பெயராக இருக்க வேண்டும், எண்ணிக்கைக்காகக் கதை கட்டக் கூடாது. அதேபோல ஒரே அளவும் எடையும் உள்ள இரண்டு விளம்பரத் தாள்கள் ஒரே வாரம் போகின்றன என்றால், இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கி ஒரே ப்ரீசார்டாக ஓட்டலாம். எடை மாறினால் இது ஓடாது. பர்மிட் முத்திரைத் தபாலில் கடிதங்கள் பொதுவாக ஒரே எடையில் இருக்க வேண்டும்.

இதையும் தாண்டிக் குறைக்க வேண்டுமானால் பல நிறுவனங்களின் தபாலைக் கலந்து பிரிக்கும் ப்ரீசார்ட் கூடங்களிடம் அச்சகம் கொடுக்கலாம். நாடு முழுக்கச் சிதறிய சின்னப் பட்டியலுக்கு அதுதான் புத்திசாலித்தனம். வேலை உங்கள் கையை விட்டுப் போகுமே என்று சொல்லாமல் இருக்காதீர்கள்; அவர்களுக்கும் சுத்தமான பட்டியல் வேண்டும்.

கேள்வி: ஐஎம்பி பார்கோடு சரியாகத்தான் உருவாக்குகிறோம். ஆனால் 'தனித்தன்மை இல்லை' என்று பிழை வருகிறது. சில சமயம் 'படிக்க முடியவில்லை' என்றும்.
– வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

31 இலக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். முதல் 2 பார்கோடு அடையாளம், அடுத்த 3 சேவை வகை, அடுத்து மெய்லர் ஐடி, பிறகு வரிசை எண், கடைசி 11 விநியோக இடம். மெய்லர் ஐடி 6 இலக்கமாக இருந்தால் வரிசை எண்ணுக்கு 9 இலக்கம் கிடைக்கும். ஐடி 9-இல் தொடங்கும் 9 இலக்கமாக இருந்தால் வரிசை எண்ணுக்கு 6 தான். 6 இலக்கத்தில் மொத்தம் 10 லட்சம் எண்கள். ஃபுல் சர்வீஸ் தள்ளுபடிக்கு (ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி எண் கொடுத்தால் கிடைப்பது) ஓர் எண் 45 நாளுக்குள் திரும்ப வரக் கூடாது. 10 லட்சத்தை 45-ஆல் வகுத்தால் நாளுக்கு 22,222. அதற்கு மேல் அனுப்பும் அச்சகத்தில் எண் சுற்றி வந்து முட்டிக்கொள்ளத்தான் செய்யும். அமெரிக்கத் தபால் துறையான யுஎஸ்பிஎஸ்ஸின் வணிக வாடிக்கையாளர் தளத்தில் இன்னொரு மெய்லர் ஐடி இலவசமாக வாங்கலாம். வேலைகளை இரண்டுக்கும் பிரித்துவிடுங்கள்.

நாளுக்கு 22,000 இல்லை, 2,000 தான் என்றால் வேறு காரணம்: ஒவ்வொரு வேலையிலும் வரிசை எண்ணை 000001-இலிருந்து தொடங்குகிறீர்கள். இரண்டு பேர் இரண்டு கணினியில் வேலை செய்தால் இது கட்டாயம் நடக்கும். கடைசியாகப் பயன்படுத்திய எண்ணை ஒரே இடத்தில் எழுதி வைக்கும் பொதுக் கோப்பு ஒன்று போதும். அல்லது இரவு ஷிஃப்ட்டுக்கு 0 முதல் 4,99,999, பகல் ஷிஃப்ட்டுக்கு மீதி என்று பங்கு போடுங்கள்.

சேவை வகை எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸுக்கான எண்ணைப் பழைய டெம்ப்ளேட்டிலிருந்து அப்படியே மார்க்கெட்டிங் மெயிலுக்குக் கொண்டுவருவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. பார்கோடு நன்றாகப் படிக்கும், கடிதம் போய்ச் சேரும். பிழை அறிக்கையில் மட்டும் சிவப்பாக வரும்.

'படிக்க முடியவில்லை' என்பது அச்சுக் கோளாறு. இந்தப் பார்கோடில் 65 கோடுகள், நான்கு வகை: முழு நீளம், மேலே மட்டும் நீண்டது, கீழே மட்டும் நீண்டது, நடுவில் குட்டை. ஓர் அங்குலத்துக்கு 20 முதல் 24 கோடு இருக்க வேண்டும். 22 கோடு வரும்படி அமைத்த பிடிஎஃப்பை அச்சுக்காரர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று கொடுத்து 90 சதவீதமாகச் சுருக்கினால் 24.4 ஆகிவிடும், வரம்புக்கு வெளியே. பிடிஎஃப் அனுப்பும்போது '100 சதவீதம், சுருக்க வேண்டாம்' என்று வேலைத்தாளில் பெரிதாக எழுதுங்கள். பார்கோடின் இடமும் வலமும் 1/8 அங்குலம் வெள்ளையாக இருக்க வேண்டும். ஜன்னல் உறையாக இருந்தால், உள்ளே தாளைச் செருகி உறையை இடப்பக்கம், வலப்பக்கம், அடிப்பக்கம் என்று மேசையில் தட்டிப் பாருங்கள். தாள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்கோடு ஜன்னல் ஓரத்தில் ஒளிந்துகொள்ளக் கூடாது. மாதிரி உறை இங்கே இல்லையென்றால் அச்சகத்தைத் தட்டச் சொல்லி வீடியோ கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கோப்பு வரிசையில் தப்பே இல்லை. ஆனால் ட்ரேயில் கடிதம் வரிசை மாறி இருந்ததால் முழு வேலைக்கும் தள்ளுபடி கிடைக்கவில்லை என்கிறார்கள்.
– வாசகர், மல்லேஸ்வரம்

பதில்: ஒரு தாளில் இரண்டு அட்டை அச்சிட்டு நடுவில் வெட்டினார்களா என்று கேளுங்கள். முதல் தாளில் 1-ம் 2-ம், அடுத்த தாளில் 3-ம் 4-ம் என்று கோப்பு போயிருந்தால், வெட்டியதும் இடது அடுக்கில் 1, 3, 5. வலது அடுக்கில் 2, 4, 6. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் வரிசை போச்சு. 10,000 அட்டை, தாளுக்கு இரண்டு, மொத்தம் 5,000 தாள் என்றால் முதல் தாளில் 1-ம் 5,001-ம் வர வேண்டும். இரண்டாம் தாளில் 2-ம் 5,002-ம். வெட்டியபின் இடது அடுக்கு 1 முதல் 5,000 வரை நேராக நிற்கும், அதன் பின்னால் வலது அடுக்கை வைத்தால் முடிந்தது. நல்ல ப்ரீசார்ட் மென்பொருள்களில் தாளுக்கு எத்தனை என்று கேட்டு இப்படி அடுக்கித் தரும் வசதி இருக்கிறது. அச்சக மென்பொருளும் அதையே இன்னொரு தடவை செய்துவிடக் கூடாது; இரண்டு பேரும் 'சரி செய்தால்' பழையபடி கலைந்துவிடும். யார் செய்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

முகவரிக்கு மேல் சின்ன எழுத்தில் ட்ரே எண்ணும் வரிசை எண்ணும் அச்சிடுங்கள். ட்ரே மாறும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கண்ணால் பார்த்தே தொழிலாளி அங்கே அடுக்கை நிறுத்துவார். கசங்கிப்போன அட்டைகளைத் தூக்கி எறியாமல் எண்ணைக் குறித்து, மறு அச்சு செய்து, அதே இடத்தில் செருக வேண்டும். 152 கடிதம் உள்ள ட்ரேயில் மூன்று கசங்கிப் போனால் 149. அதோடு அந்த ட்ரே தகுதி இழக்கும்.

கேள்வி: இதெல்லாம் வரிசைப்படுத்தும் வேலைதானே? பைத்தானில் நாங்களே எழுதிவிட முடியாதா?
– வாசகர், பிடிஎம் லேஅவுட்

பதில்: வரிசைப்படுத்துவது ஒரு மாலை நேரத்து வேலைதான். எந்த ஜிப் எந்தப் பிரிப்பு மையத்துக்கு என்ற பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அதையும் சமாளித்துவிடலாம். ஆனால் காஸ் சான்று பெற்ற முறையில் முகவரி பொருந்தாவிட்டால் ஆட்டோமேஷன் கட்டணம் இல்லை. கவுண்டரில் கேட்கும் வடிவத்தில் அறிக்கையும், மின் ஆவணத்துக்கான மெயில்.டாட் கோப்பும் வேண்டும். பைத்தானை அதற்கு முந்தைய வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 0 விழுந்த ஜிப்பைத் திருத்துவது, பெயரை முதல்-கடைசி என்று பிரிப்பது, பத்திகளின் தலைப்பை ஒரே மாதிரி ஆக்குவது, வந்த வரிகளும் போன வரிகளும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. உண்மையில் நேரம் போவதும் அங்கேதான்.

கேள்வி: கட்டண அறிக்கையில் எந்தத் தேதி போடுவது, நம் தேதியா, அவர்கள் தேதியா?
– வாசகி, இந்திராநகர்

பதில்: அங்கே கடிதம் ஒப்படைக்கும் நாள். நமக்கு சனிக்கிழமை விடியற்காலை 4 மணி என்றால், கோடையில் நியூஜெர்சியில் இன்னும் வெள்ளி மாலை 6.30. கணினி தானாகப் போடும் தேதியை நம்ப வேண்டாம். 95 நாள், 180 நாள் கணக்கையும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கேள்வி: இனி உள்ளூர். எங்கள் சங்க ஆண்டு விழா அழைப்பு 1,200. பெங்களூர், ஓசூர், கோலார் தங்கவயல், தமிழ்நாடு என்று எல்லாப் பக்கமும் போகிறது. பிரித்துக் கொடுத்தால் நல்லது என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். எப்படிப் பிரிப்பது?
– சங்கச் செயலாளர், சிவாஜிநகர்

பதில்: இதற்குச் சிறப்பு மென்பொருள் எதுவும் வேண்டாம், எக்ஸெல் போதும்.

1972 ஆகஸ்ட் 15-இல் வந்த நம் பின்கோடு 6 இலக்கம். முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்று விநியோகத் தபால் நிலையம். பின்கோடு பத்தியில் நடு இடைவெளிகளை முதலில் நீக்குங்கள்; '560 008' என்றும் '560008' என்றும் இருந்தால் எக்ஸெல் இரண்டையும் வேறு ஊராக அடுக்கும். பக்கத்தில் ஒரு பத்தியில் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் எடுத்து, அதன்படி வரிசைப்படுத்தி, அதற்குள் முழு எண்ணால் வரிசைப்படுத்துங்கள். லேபிள் அச்சிடுவது அதன் பிறகுதான். முதலில் அச்சிட்டுவிட்டு 1,200 உறையைத் தரையில் பரப்பிப் பிரிப்பதுதான் பல சங்கங்களில் நடக்கிறது.

வரைபடத்தை நம்பாதீர்கள். அத்திப்பள்ளி 562107, அதை ஒட்டிய ஓசூர் 635109. பஸ்ஸில் ஒரே டிக்கெட் தூரம். தபாலில் வேறு மண்டலம். ஓசூர் அழைப்புகளை 'பக்கத்து ஊர்தானே' என்று பெங்களூர்க் கட்டில் சேர்த்தால் அவை முதலில் தப்பான வழியில் போய்த் திரும்பும். தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை 563122, அதற்குத் தனிக் கட்டு. தமிழ்நாட்டுக்கு 60 முதல் 64 வரை. 67 முதல் 69 வரை கேரளம்.

ஒரே பின்கோடுக்கு நிறைய இருந்தால் தனிக் கட்டு, இல்லாவிட்டால் முதல் மூன்று இலக்கத்துக்கு ஒன்று. எல்லா உறையும் ஒரே பக்கம் முகம் காட்ட வேண்டும். மேலே ஒரு சீட்டில் பின்கோடும் எண்ணிக்கையும் எழுதி, குறுக்கும் நெடுக்குமாக நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் பைக்குள் அறுந்துவிடும். விழாவுக்கு வரும் முக்கிய விருந்தினர்களுக்குப் பதிவுத் தபால் அனுப்புவது வழக்கம் என்றால், அது 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது; முகவரிக்குரியவர் கையிலேயே கொடுக்க வேண்டுமானால் ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியைச் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: டிஜிபின் வந்துவிட்டதே, இனி பின்கோடு எழுத வேண்டுமா?
– அதே செயலாளர்

பதில்: எழுத வேண்டும். 10 எழுத்து கொண்ட டிஜிபின் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரத்தைக் குறிக்கிறது. வீட்டு வாசலைக் காட்ட அது நல்லது. உங்கள் கட்டு எந்தப் பையில் விழ வேண்டும் என்பதை இன்னமும் அந்த 6 இலக்கம்தான் சொல்கிறது.